பக்கத்துக் கம்பெனி டீ குடிக்கும் நேரம்

ஒரகடத்தில், நாலு பக்கமும் லாரிகள் ஹாரன் அடிக்கும் இடத்தில் இருந்துகொண்டு, சத்தமே இல்லாத இசைத்தட்டு எங்களுடையது என்று அந்தச் சின்னக் கம்பெனி சொல்லிக்கொண்டது. அந்த அமைதிக்குக் கையெழுத்துப் போடுகிறவள் கோவில்பட்டி மாரிசெல்வி. அச்சாகி வரும் தட்டுகளைக் கேட்டு, பொரிச்சலோ கீறலோ இருந்தால் ஒதுக்க வேண்டும். என்ன ராகம் என்று கேட்டால் தெரியாது. ஊசி எந்த இடத்தில் முனகியது என்று கேட்டால் சொல்லிவிடுவாள்.

பதினொரு மாதம் தற்காலிகமாக ஓட்டியாயிற்று. கேன்டீன் பக்கத்து மூலையில் உட்கார்ந்து அவள் பாஸ் போட்ட ஐந்நூறு புல்லாங்குழல் தட்டுகளை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வாடிக்கையாளர் ஹேமந்த் சென்னையிலிருந்து வந்த அன்றுதான் புதிய கேட்கும் அறையைத் திறந்தார்கள். சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தினால் அவரவர் வயிற்றுச் சத்தம் அவரவருக்கே கேட்கும். தட்டு சுழன்றது, குழல் இழைந்தது, அடியில் ‘தும்’ என்றது. நாலு விநாடி கழித்து மறுபடி ‘தும்’.

“தட்டுல இடிக்குதே. ஐந்நூறும் இப்படித்தானா?” என்றார் ஹேமந்த்.

சூப்பர்வைசர் தணிகாசலம் திரும்பினார். “இன்னா மாரி, காதுல பஞ்ச வச்சிகினா பாஸ் போட்ட?”

“பஞ்சு செவத்துலல்லா இருக்கு அண்ணே.”

செருப்பைக் கழற்றி, உள்ளங்காலைத் தரையில் அழுத்தினாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேலை போகிற நேரத்தில் சிரிப்பவளை இருவரும் கவலையோடு பார்த்தார்கள்.

“இது தட்டு இல்ல சார். பக்கத்துக் கம்பெனில கார் கதவு அடிக்காங்க, நானூறு டன் பிரஸ்ஸு. ரெண்டு வருசம் அங்கனதான் வேல பாத்தேன். இந்தத் தாளத்துலதான் சோறே தின்னேன்.”

“எனக்குக் கேக்கலையே” என்றார் ஹேமந்த்.

“காதுக்குக் கேக்காது. இந்த ரூமு அவங்க மதில ஒட்டி இருக்குல்லா, தரை வழியா ஏறி ஊசியப் பிடிக்குது. கேன்டீன் மூலை வரைக்கும் வராது. பத்து மணிக்கு அங்க டீ. நாலு நிமிசம் பொறுங்க.”

மூன்று பேரும் தணிகாசலத்தின் கைக்கடிகாரத்தையே பார்த்தார்கள். தும். தும். பத்து மணி. அடுத்த ‘தும்’ வர வேண்டிய இடத்தில் வரவில்லை. குழல் மட்டும் தனியாக எழுந்தது. ஹேமந்தின் தலை ஆடியது. தணிகாசலத்தின் தலையும் ஆடியது, கொஞ்சம் தாளம் தப்பி. மாரிசெல்விக்குத் தரையில் கால் பாவவில்லை. பதினொரு மாதத்தில் முதல் தடவையாகப் பாட்டைக் கேட்டாள்.

பத்தேகாலுக்கு முதல் ‘தும்’ விழுந்தபோது மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஹேமந்த் கையெழுத்துப் போட்டார்.

அறையை இடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே பக்கத்துக் கம்பெனி டீ குடிக்கும்போதுதான் இங்கே தட்டு கேட்பது என்று அட்டவணை போட்டார்கள். மாரிசெல்வி நிரந்தரமானாள்; டீ நேரத்தில் டீ குடிக்க முடியாத நிரந்தரம். அதற்கெல்லாம் அவள் குறைப்பட்டுக்கொள்வதில்லை. கம்பெனி பஸ்ஸில் பழைய சிநேகிதிகளிடம், அங்கே ஸ்டிரைக் எப்போது என்று மட்டும் விசாரிக்கிறாள்.