நான் கொடுத்தனுப்பிய தூக்குவாளி

மதியம் மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்தும், ராஜபாளையத்தில் நூல் மில்லில் புதிதாகச் சேர்ந்திருந்த என் மகன் வீடு திரும்பவில்லை. மாற்று ஆள் வராததால் அடுத்த ஷிப்டும் பார்க்கச் சொல்கிறார்கள், தலை சுற்றுகிறது என்று நண்பனிடம் சொல்லியனுப்பியிருந்தான்.

"வேல நெரந்தரமாகுற நேரத்துல முடியாதுன்னா எப்படிப்பா? செத்த பொறுத்துக்கிடச் சொல்லு" என்று அந்த நண்பனிடமே தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்பினேன்.

ஐந்து மணிக்கு, நின்றபடியே கண்ணயர்ந்தவனின் வலது கை இயந்திரத்தில் சிக்கி மூன்று விரல்கள் போயின.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் துணிக்கடையில் வேலை பார்க்கும் மகள் அசதி என்றால், "லீவு சொல்லிட்டு வந்துருட்டி" என்கிறேன். மகனுக்கு அதைச் சொல்லாமல் போனேனே.

ஆஸ்பத்திரிக்கு மில்லிலிருந்து விபத்து நடந்த நான்காம் நாள்தான் மேஸ்திரி வந்தார். தூக்குவாளியை நீட்டினார்.

"அவன் எடத்துக்கு அன்னைக்கே ஆள் போட்டாச்சும்மா. இது மிஷின்கிட்ட கெடந்துச்சு. சோத்துல கையே வைக்கல, நாங்கதான் கொட்டுனோம்."