நீராவி இயந்திரத்தின் முன் காலுறையோடு

டோர்ட்மண்டுக்கு வெளியே, ஓடாமல் நின்றுபோன இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் பழைய நீரேற்று நிலையம் ஒன்றைப் பார்க்க இன்று நானும் மனைவியும் போனோம்.

வாசலில் சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன.

"இஞ்சருங்கோ, கழட்டிப்போட்டு வாங்கோ" என்றாள். கழற்றினேன்.

உள்ளே வீட்டுயரச் சக்கரத்தோடு நீராவி இயந்திரம். மினுங்கும் பித்தளை, குளிர்ந்த தரை. அவளுடைய கைகள் தாமாகவே கும்பிடப் போயின.

இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தொண்டர் எங்கள் கால்களையே பார்த்தார். அவர் காலிலோ கனத்த சப்பாத்து. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தால், பின்னால் ஒரு ஜெர்மன் தம்பதியும் காலுறையோடு வருகிறார்கள்!

"ஏன் எல்லோரும் கழற்றிவிட்டீர்கள்?" என்று தொண்டர் கேட்டார்.

தம்பதி எங்களைக் காட்டினார்கள். நான் வாசலைக் காட்டினேன்.

"அவை எங்களுடையவை. வேலைச் சப்பாத்துக்கு மாறும்போது அங்கே விடுவோம்" என்றார் தொண்டர்.

வெளியே வந்தபோது வரிசை இன்னும் நீண்டிருந்தது. புதிதாக வந்த ஒருவர் குனிந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாம வாங்கோ. நல்ல பழக்கம்தானே" என்றாள் மனைவி.

அவரிடம் சொல்லியிருக்கலாமோ என்று, கறுத்துப்போன காலுறையோடு இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறேன். அடுத்த கிழமை அந்தப் பக்கம் போகிறவர்கள், வாசலில் எத்தனை சோடி கிடக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.