பேர்சியின் 1.25 வோல்ட்

மேனுகா திருத்திக் கொடுத்த கணினி ஓட்டத்தில் அணைந்து விழாது. சும்மா புகழவில்லை, மட்டக்களப்பு டவுனில் அவளுடைய மேசைக்குப் பக்கத்து மேசையில் போன் விற்றுக்கொண்டு ஏழு வருடமாக அவள் பிடிவாதத்தைச் சகித்தவள் நான். யாரும் புரொசசரை வேகமாக்கக் கேட்டு வந்தால், அது விழாமலிருக்க அதன் வோல்ட்டேஜைத் துளி ஏற்றுவாள், பாரமான வேலை கொடுத்துப் பார்ப்பாள், இன்னும் துளி ஏற்றுவாள். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவாள்.

போன மாசம் எறிக்கா தன் தகப்பன் பேர்சியின் கணினியைக் கொண்டுவந்தாள். கலியாண வீடியோ எடிட் பண்ணுவது பேர்சியின் தொழில். அவர் செத்து ஒரு வருடம். இப்போது மகள் செய்கிறாள். நடு வேலையில் கணினி விழுந்து, தானாகத் திரும்ப எழும்புகிறதாம். வேகத்தை ஏற்றிய மனிசன் வோல்ட்டேஜை 1.25இல் விட்டிருந்தார். போதாது. மேனுகா 1.29 ஆக்கினாள். கடையில் ஆறு மணித்தியாலம் அசையாமல் ஓடியது.

வீட்டுக்குப் போன மத்தியானமே விழுந்தது. எங்கள் கடையில் ஏசி. வாவிக்கரையிலுள்ள அந்த வீட்டுக்குத் தகரக் கூரை. தன் மடத்தனத்தைத் தானே திட்டிக்கொண்டு, மேனுகா அந்த வெக்கையிலேயே வைத்துப் பார்க்க என்னையும் இழுத்துப் போனாள்.

எறிக்காவும் அவள் தாய் ஓட்றியும் பக்கத்தில் நிற்க, எங்கள் கண்முன்னே திரை கறுத்தது. கணினி தானாக எழும்பியது. ஸ்பீக்கரில் ஒரு ஆண்குரல்: "ஓட்றி, நான் வந்திட்டன்."

நான் ஒரு அடி பின்வாங்கினேன். "அப்பா விளையாட்டுக்குப் பதிஞ்சு வச்சது. கணினி ஓன் ஆகக்குள்ள சொல்லும்," என்றாள் எறிக்கா. ஓட்றி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மேனுகா கணினிக்குள் இன்னொரு ஃபான் பூட்டி, வோல்ட்டேஜை 1.32இல் நிறுத்தினாள். பிறகு விழவேயில்லை.

நாலாம் நாள் ஓட்றி கடைக்கு வந்தார். "அவர் இப்ப வாறாரில்ல, மகள்."

"ஓஃப் பண்ணித் திரும்பப் போடுங்க அன்ரி, குரல் கேக்கும்," என்றாள் மேனுகா.

"நான் போட்டா அது நான் கூப்பிடுறது. அவர் தானா வந்துகொண்டிருந்தவர்."

"செத்த மனிசனுக்காக மகள்ட பிழைப்பக் கெடுக்கிறதா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

"இப்பிடி விழுந்து விழுந்து எழும்பினா ஒரு நாள் டிஸ்க் போயிரும் அன்ரி. குரலும் போயிரும்," என்றாள் மேனுகா.

"போகட்டும். அண்டைக்குத்தான் அவர் செத்ததெண்டு வச்சிக்கிறன்."

மேனுகா எறிக்காவுக்குப் போன் எடுத்தாள். தாய் கேட்டதைக் கேட்டுவிட்டு எறிக்கா சொன்னாள்: "பழையபடி வையுங்க அக்கா. நான் அடிக்கடி சேவ் பண்ணிக்கிறன்."

அடுத்த நாள் மத்தியானம் அந்த வீட்டில் மேனுகா தான் பூட்டிய ஃபானைக் கழற்றி, வோல்ட்டேஜை 1.25க்கு இறக்கினாள். விழும் என்று தெரிந்தே அவள் செய்த ஒரே வேலை அதுதான். எறிக்கா ஒரு வீடியோவை ஓடவிட்டாள். நாலு பேரும் காத்திருந்தோம். தகரம் வெக்கையில் படபடத்தது.

திரை கறுத்தது.

"ஓட்றி, நான் வந்திட்டன்."

ஓட்றி எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்து, வழி விட்டு நின்றார். வாசலுக்கு நேரே நின்றிருந்த நானும் ஒதுங்கிக்கொண்டேன்.