முருங்கை மாதிரி வெட்டு

பெப்ரவரி முடிவில் டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் தோட்ட வேலை என்றால், உறைந்த மண்ணில் ரப்பர் சப்பாத்தோடு நின்று, செத்ததா உயிரோடிருக்கிறதா என்று தெரியாத குச்சிகளைப் பார்த்து யோசிப்பதுதான். வீடு வாங்கிய பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் நான் அதை ஆசையாகச் செய்தேன். சருகை ஒதுக்கினேன், காய்ந்த ரோசாக் கொப்புகளை நறுக்கினேன். ஆப்பிள் மரத்தையும், கோடையில் நீலப் பந்துகளாகப் பூத்து நின்ற ஹோர்டென்சியாச் செடியையும் தொடவில்லை. தெரியாததைத் தொடாமல் விடுவது என் பழக்கம்.

அந்தப் பழக்கம் இல்லாத ஒருவர் தலைநகருக்குப் பக்கத்துப் புரொண்பியிலிருந்து வந்தார். என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணை. எங்களைப் பார்க்கத்தான் வந்தார். தேத்தண்ணி ஆறுவதற்குள் தோட்டத்தில் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தார். ஊரில் முருங்கையை வெட்டுவது போல வெட்டினால்தான் இது காய்க்கும், டெனிஷ்காரருக்கு வெட்டவே தெரியாது என்றார். டெனிஷ்காரருக்குத் தெரியாதவற்றைப் பற்றி அவர் தொடங்கினால் மத்தியானச் சாப்பாடு பிந்தும்.

கணவர் கைவாளோடு ஏணியில் ஏறினார். வேலையிடத்தில் யார் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிற மனிதர், அண்ணை சொன்னால் வாய் திறக்கமாட்டார். கீழே நின்று அண்ணை விரலால் காட்டக் காட்ட, கொப்புகள் விழுந்தன. போதும் என்றேன். பெண்பிள்ளைகள் வெட்டுவதென்றால் பாவம் பார்ப்பார்கள் என்று அண்ணை கணவருக்கு விளக்கினார், நான் அங்கே இல்லாதது போல. பிறகு ஹோர்டென்சியாவை நிலமட்டத்துக்கு வெட்டுவித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணை, உங்கட வீட்டில எத்தினை மரம் நிக்குது?”

“நாங்கள் மூண்டாம் மாடியெல்லே,” என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இவ்வளவும் நடக்கும்போது, வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு டெனிஷ்காரர் தன் ரோசாக்களை நறுக்கிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றவர், நாள் முழுக்கத் தோட்டத்தில்தான் நிற்பார். ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். கையசைத்தார். மீண்டும் குனிந்துகொண்டார்.

கோடையில் ஹோர்டென்சியா இலையை மட்டும் விட்டது. பக்கத்து வீட்டுக்காரரிடம் காரணம் கேட்டேன். அது பழைய கொப்பில்தான் பூக்கும், நீங்கள் வெட்டும்போதே தனக்குத் தெரியும் என்றார். ஆப்பிளையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அது உங்கள் தோட்டமல்லவா,” என்றார்.

அவ்வளவு மரியாதை தெரிந்தவர். எங்கள் வீடு எரிந்தாலும் அனுமதி கேட்காமல் தண்ணீர் ஊற்றமாட்டார்.

ஆப்பிள் மரம் காய்க்கவில்லை. வானத்தைப் பார்த்து நேர்நேராகத் தடிகளை விட்டது. குளிர் கூடிப்போனதால் மரம் ஓய்வெடுக்கிறது என்று அண்ணை தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னார். கணவர் வந்த விருந்தாளிகளிடமெல்லாம் அதையே சொன்னார், சுகவீன விடுப்பில் நிற்கும் ஒருவரைப் பற்றிப் பேசுவது போல.

அடுத்த பெப்ரவரியில், அண்ணை வருவதாகச் சொன்ன கிழமைக்கு முதல், நூலகத்தில் படம் போட்ட புத்தகம் ஒன்றை எடுத்துவந்து நானே ஏணியில் ஏறினேன். அந்தத் தடிகளில் பாதியை மட்டும் அரிந்தேன். ஹோர்டென்சியாவின் போன வருடக் கொப்புகளை அப்படியே விட்டுவிட்டேன். அண்ணையைக் கேட்டிருக்கலாம் என்று கணவர் கீழே நின்று முணுமுணுத்தார். ஏணியை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன்.

அந்த வருடம் பூவும் வந்தது, ஒரு வாளி ஆப்பிளும் வந்தது. அண்ணைக்கும் ஒரு பை கொடுத்துவிட்டோம். முதல் வருடம் தான் வெட்டுவித்ததன் பலன்தான் இது என்று அவர் புரொண்பியில் சொல்லித் திரிகிறாராம்.