மரின் என்றால் நேவி

மகள் மரினில் சேரப்போகிறேன் என்று சொன்ன கிழமை நான் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெரு முழுக்க லட்டுக் கொடுத்தேன். அந்த லட்டுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே கோபம் வரும்.

நான் அந்தத் தெருவில் ஒரு சீலைக்கடையின் பின்னறையில் பிளவுஸ் தைக்கிறவள். முப்பது வருசமாகியும் என் பிரெஞ்சு பாண் வாங்கவும் பஸ் ஏறவும் காணும், அதற்கு மேல் இல்லை. எங்கள் ஊரில் மெரைன் என்ஜினியர் என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். மகள் மரின் என்றதும் அந்த மெரைன்தான் என் காதில் விழுந்தது. சரக்குக் கப்பல், வெள்ளைச் சட்டை, நல்ல சம்பளம். பெட்டியோடு கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியாகப் போன நகைக்கடைக்காரர் லட்டை வாயில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, பிரெஞ்சில மரின் எண்டால் நேவியெல்லோ?"

நேவி. என் தலைமுறையில் இலங்கையின் வடக்குக் கரையில் வளர்ந்த யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். சண்டைக் காலத்தில் எங்களுக்குக் கடலில் இருந்த பயத்துக்கெல்லாம் அது ஒன்றுதான் பெயர். மீன்பிடிக்கப் போனவர்கள் திரும்பி வருகிறார்களா என்று கரையில் நின்று பார்த்தவர்கள் நாங்கள். என் பிள்ளை அந்தச் சொல்லுக்குள் போய் நிற்கிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. இது வேறு நாடு, வேறு கடற்படை என்று கணவர் நூறு தரம் சொன்னார். எனக்கும் தெரியும். தெரிவது வேறு, மனம் கேட்பது வேறு.

ஒரு வருசத்துக்கு மேல் மகளோடு நான் பேசவில்லை. அவள் துறைமுகத்தில் இருந்து எடுத்தால் போனைக் கணவரிடம் நீட்டிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன். போய்க் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன், அது வேறு கதை. அப்படித்தான் அவளுடைய கப்பல் இப்போது தனியே ஓடுவதில்லை என்று அறிந்தேன். கூட்டணி நாடுகள் ஆளுக்கொரு கப்பல் கொடுத்து ஒரு தொகுதியாகச் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். பிரான்ஸ், நோர்வே, ஸ்பெயின், ஜெர்மனி, போர்த்துக்கல். கட்டளை கொடுப்பது முறைவைத்து மாறுமாம். அந்த முறை போர்த்துக்கல்காரர்.

இதை மட்டும் என்னால் நம்பமுடியவில்லை. தேர் நாளில் தண்ணீர்ப்பந்தலை யார் கடை வாசலில் போடுவது என்று எங்கள் தெருவில் ஏழு கடைக்காரர் கூடிப் பேசி, மூன்று பந்தல் போட்டு முடித்தவர்கள். ஒரே ஊர், ஒரே பாஷை. இங்கே சின்ன நாட்டுக்காரர் ஒருவர் சொல்ல, பெரிய நாட்டுக் கப்பல் திரும்புகிறதாம். எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கல் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அன்றைக்கு முழுக்க அவள் நிமிர்ந்து நடந்தாள்.

போன வசந்தத்தில் அந்தக் கப்பல்கள் பிரெஸ்ட் துறைமுகத்துக்கு வந்தன. குடும்பங்கள் வந்து பார்க்கலாம் என்று மகள் அறிவித்தாள். கணவர் என்னைக் கேட்காமலே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார்.

"நீர் வந்து ஒண்டும் கதைக்க வேண்டாம். கண்ணால பாரும், காணும்" என்றார்.

நாங்கள் இருக்கும் ஸ்தேனில் இருந்து மொம்பர்னாஸ் ஸ்டேசனுக்குப் போய், அங்கிருந்து நாலு மணி நேர ரயில். வழி முழுக்க ஒரே ஒரு கேள்விதான் எனக்குள் ஓடியது. சின்ன வள்ளம் ஒன்றைக் கண்டால் இவள் என்ன செய்வாள்? அதற்கு அவள் சொல்லப்போகும் பதிலில்தான் எனக்கு மகள் இருக்கிறாளா இல்லையா என்பது இருந்தது. பிழையான பதில் வந்தால் அடுத்த ரயிலில் திரும்பிவிடுவதாக முடிவெடுத்தேன்.

துறைமுகத்தில் கப்பல்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கட்டியிருந்தன. பிரெஞ்சுக் கப்பலைப் பார்க்க நோர்வேக் கப்பலில் ஏறி, அதன் முதுகைக் கடந்து போகவேண்டும். மகள் சீருடையில் வந்தாள். மெலிந்திருந்தாள். என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

கோபத்தோடு போனவளுக்கும் கண் இருக்கிறதல்லவா. பார்த்தேன். பிரெஞ்சுக்காரர் தங்கள் சொந்தக் கப்பலில் ஆங்கிலம் பேசுவதைக் காதால் கேட்டேன். பிரெஞ்சில் கேட்காவிட்டால் மணியைக்கூடச் சொல்லாத மனிதர்கள். ஜெர்மன் எண்ணெய்க் கப்பல் ஓடிக்கொண்டே குழாயை நீட்டுமாம், இவர்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டே எண்ணெய் வாங்குவார்களாம். ஓடுகிற இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் தேத்தண்ணி ஊற்றுகிற மாதிரி. இடைவெளி கொஞ்சம் பிழைத்தாலும் இரண்டு கப்பலும் மோதும். ஒருவர் சொல்லை மற்றவர் அப்படியே நம்பினால்தான் அது நடக்கும். எனக்குக் கோபத்துக்கு நடுவிலும் ஆசையாக இருந்தது. நல்ல வேலையை நல்ல வேலை என்று சொல்லத்தானே வேண்டும்.

கப்பலை ஓட்டுகிற மேல்தளத்தில் மகள் நிற்கும் இடத்தைக் காட்டினாள். அவளுக்கு ரேடார் வேலை. கரும்பச்சைத் திரையில் துறைமுகத்துப் படகுகள் அரிசி மணிகளாகக் கிடந்தன. ஒரு வருசத்துக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"சின்ன வள்ளத்தைக் கண்டால் என்ன செய்வியள்?"

அவள் சாதாரணமாகச் சொன்னாள். முதலில் ரேடியோவில் கூப்பிடுவார்கள். பதில் வராவிட்டால் கிட்டப் போய்ப் பார்ப்பார்கள். போன மாதம்கூட ஒரு மீன்பிடி வள்ளம், எஞ்சின் நின்று, மூன்று பேரோடு அலைந்திருக்கிறது. முதலில் கண்டது இவள். கிட்ட நின்றது நோர்வேக் கப்பல். போர்த்துக்கல் தளபதி அதை வள்ளத்தின் பக்கம் திருப்பினார். ஸ்பெயின் கப்பலில் இருந்த டாக்டரை இவர்களுடைய ஹெலிகாப்டர் கொண்டுபோய் இறக்கியது. மூன்று பேரும் பிழைத்தார்கள்.

"நேவியைக் கண்டிட்டு அவங்கள் ஒளிக்கப் பாக்கேல்லையோ?"

"ஏனம்மா ஒளிப்பினம்? கையைக் காட்டிக் கூப்பிட்டவை."

அவள் நடிக்கவில்லை. உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை. இருபத்து நாலு வருசம் வளர்த்தும் அவளுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமலே, அவளுக்குத் தெரியாத ஒன்றுக்காக ஒரு வருசம் அவளைத் தண்டித்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோசமாகவும் இருந்தது. கடற்படையைக் கண்டு ஏன் ஒளிக்கவேண்டும் என்று கேட்கிற பிள்ளை எனக்குப் பிறந்திருக்கிறாள்.

அங்கேயே நின்று சொன்னேன். எனக்குப் பதினெட்டு வயதில், இந்தியாவுக்குப் போக ஒரு வள்ளத்தில் இருபத்தைந்து பேர் ஏறியதை. நடுக்கடலில் எஞ்சின் நின்றதை. தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்ததும், அது எங்களைக் காணக்கூடாது என்று பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து கிடந்ததை. எங்களைக் காணாமலே அது கடந்து போகவேண்டும் என்று கடவுளுக்கு நேர்த்தி வைத்ததை, அப்படியே அது போனதை.

மகள் திரையைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கப்பலில் இருந்து நாங்கள் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஆட்களை எண்ணமுடியாது, புகை தெரியும், அவ்வளவு தூரம் என்றேன். அவள் என் விரலைப் பிடித்துத் திரையில், கப்பல் நிற்கும் நடுவை விட்டுக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"இதில நிண்டிருப்பியள். நான் கண்டிருப்பனம்மா" என்றாள்.