பெயர்ப்பலகையை உதைத்தவரும் சட்டத்தின் கெடுவும்

தச்சருக்கு மரத்தின் மேல் இருந்த பொறுமையில் கால்பங்கு மனிதர்கள் மேல் இருந்திருந்தால் தெருவுக்கே நிம்மதி. முறுக்கிக்கொண்ட பலகையைத் தடவித் தடவி வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். பக்கத்துக் கடைத் தையல்காரம்மா ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிடும்.

தைத்த துணிமேல் மரத்தூள் பறந்து விழுகிறது என்று அவள் சொன்ன அன்றைக்கும் அப்படித்தான் ஏறியது. வாசலில் நிறுத்தியிருந்த அவள் கடைப் பெயர்ப்பலகையை ஒரே உதையில் இரண்டாக்கினார். தெருவே பார்த்தது. அவள் கத்தவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "போலீஸ்ல எழுதிக் கொடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

தச்சர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனார். மறுநாளே புதுப் பலகை செய்து கொண்டுவந்து வைத்தார். அவள் நிமிர்ந்து பார்த்து, "யோசிக்கிறேன்" என்றாள்.

அந்த யோசனை வருஷக்கணக்கில் நீண்டது. கடைக் கதவு இறங்கினால் தச்சர், அலமாரி ஆடினால் தச்சர், மேசைக்காலைக் கரையான் தின்றால் தச்சர். அவர் லேசாக முணுமுணுத்தால் போதும். "புகாரை இன்னும் நான் கொடுக்கலையே, தம்பி" என்பாள். உளி தானாகக் கைக்கு வந்துவிடும்.

"ஊரே உங்க கோபத்துக்குப் பயப்படுது. நீங்க ஒரு ஊசிக்குப் பயப்படுறீங்க" என்று அவர் மனைவி சிரிப்பாள்.

மகளுக்கு வக்கீல் மாப்பிள்ளை அமைந்தான். விருந்துக்கு வந்தவனிடம், யாரோ ஒரு சிநேகிதனுக்கு நடந்ததுபோல தச்சர் கதையை அவிழ்த்தார்.

"இவ்வளவுதானா மாமா? கொலை, கொள்ளைன்னா எப்ப வேணா பிடிப்பாங்க. இந்த மாதிரி சின்னக் குத்தத்துக்குச் சட்டத்துல கெடு உண்டு. அதுக்குள்ள வழக்குப் போகலைன்னா கோர்ட்டு சாதாரணமா தொடாது. உங்க சிநேகிதருக்கு அது எப்பவோ முடிஞ்சிருச்சு."

"எப்பவோவா!" தச்சருக்குப் புரையேறியது.

கை கழுவினாரோ இல்லையோ, மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போனார்.

"அக்கா! உங்க புகார் காலாவதி ஆயிருச்சு. வக்கீலே சொல்லிட்டாரு. இனி யாரும் என்னை அசைக்க முடியாது!"

அவள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "அப்படியா தம்பி? ரொம்ப சந்தோஷம். உங்களுக்கும் வயசாயிருச்சு. இனிமே ஒரு பலகையை உடைக்கிற தெம்பு உங்க காலுக்கு எங்க இருக்கப்போகுது, பாவம்."

அந்தப் 'பாவம்'தான் வினை. எதிரே இருந்த முக்காலியை விட்டார் ஒரு உதை. அது பறந்துபோய், வாடிக்கையாளர்கள் உடுத்திப் பார்க்கும் ஆளுயரக் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி சலசலவென்று கொட்டியது.

மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டான். "மாமா, பழசுக்குத்தான் கெடு முடிஞ்சது. இது புதுக் குத்தம். கணக்கு இன்னைக்குத்தான் ஆரம்பிக்குது."

"இதுக்கு எத்தனை வருஷம், மாப்பிள்ளை?" தையல்காரம்மா கனிவாக விசாரித்தாள். அவன் மாமனாரைப் பார்த்துவிட்டு, கண்ணாடிச் சில்லுகளைச் செருப்புக் காலால் ஒதுக்க ஆரம்பித்தான்.

"பரவாயில்ல, மெதுவா கேட்டுக்கிறேன். மாடிக்கு ஒரு ஏணி வேணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்" என்றாள் அவள்.

தச்சர் அளவுகோலை எடுத்து, ஏணிக்கு மாடி உயரத்தை அளக்கத் தொடங்கினார். விஷயம் வீட்டுக்கு எட்டியபோது மனைவி பெருமூச்சு விட்டாள்:

"வக்கீலுக்குப் பதிலா, இவர் காலைக் கட்டிப்போட ஒரு கயித்தை மாப்பிள்ளையாப் பார்த்திருக்கலாம்."