டிரைவர் கிடைக்கவில்லை

சங்ககிரி மலைக்கு நேர் கீழே எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் ஊரே கறிச்சோறு தின்றுவிட்டுக் கவிழ்ந்து படுத்த மாதிரி இருக்கும். நெடுஞ்சாலையில் போகிற லாரிகள்கூடத் தூக்கத்தில் முனகுவதுபோலத்தான் கேட்கும். அப்படி ஒரு மதியத்தில்தான் என் லேப்டாப்புக்குப் புது ஓ.எஸ்., அதாவது அதை இயக்குகிற சிஸ்டம், போட உட்கார்ந்தேன். முதல் முறை. கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் இல்லை, நான் பி.காம். ஆனால் வீடியோ பார்த்திருந்தேன். அதில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே, டீ ஆறுவதற்குள் போட்டு முடித்துவிட்டான். அந்த மூஞ்சியால் முடிகிறது, என்னால் முடியாதா?

அவசரம் என்னவென்றால், சாயங்காலம் நாலு மணிக்கு எனக்கு ஆன்லைன் டெஸ்ட். முதல் வேலைக்கான முதல் டெஸ்ட். கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், முடிக்கிறவரை கேமரா நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தவறவிட்டால் மறுவாய்ப்பு இல்லை என்று மெயிலிலேயே போட்டிருந்தார்கள். என் லேப்டாப், பெரியம்மா மகன் அடித்துத் துவைத்துவிட்டு என் தலையில் தள்ளிவிட்டது. கேமராவைத் திறந்தால் போதும், திரை அப்படியே உறைந்துவிடும். உறைந்த என் முகம் எனக்கே சகிக்காது. இலவசமாகக் கிடைக்கிற புது சிஸ்டம் ஒன்று பழைய மெஷினில் பறக்கும் என்றார்கள். பறக்கவிடலாம் என்று பென்டிரைவில் ஏற்றிவிட்டேன்.

பென்டிரைவை லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. ஆன் பண்ணும்போது ஒரு பட்டனைத் தட்ட வேண்டுமாம். எந்தப் பட்டன் என்று கமென்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் தட்டினேன், மேல் வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் பழைய சிஸ்டமே சோம்பல் முறித்துக்கொண்டு வந்து நின்றது.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏஞ்சாமி, அதையப் போட்டு இந்தத் தட்டு தட்டற? ஒடைஞ்சறப் போகுது."

"புதுசு போடறேம்மா."

"புது லேப்டாப்பா?"

"லேப்டாப்பு பழசுதான். உள்ள இருக்கறது மட்டும் புதுசு."

"உள்ள என்ன இருக்குது?"

நல்ல கேள்வி. பதில் எனக்கும் தெரியாது. "நீ போம்மா" என்றேன்.

எந்தத் தட்டலில் என்று சொல்ல முடியாது, திடீரென்று திரை இருண்டது. பிறகு மெதுவாக வேறொரு நிறத்தில் விடிந்தது. எந்த மொழி என்று கேட்டது, சொன்னேன். அடுத்து உலக வரைபடம் ஒன்றை விரித்து, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டது. சங்ககிரி இருக்கிற இடமாகப் பார்த்துக் குத்தினேன். புள்ளி ஓடிப்போய்க் கல்கத்தாவில் நின்றது. மறுபடி குத்தினேன். மறுபடி கல்கத்தா. இந்தியாவில் அதற்குத் தெரிந்த ஊர் அது ஒன்றுதான் போல.

"அங்கதான் உங்கப்பன் மழைல லோடு எறக்க முடியாமக் கெடந்தாரு" என்றாள் அம்மா, என் தோளுக்கு மேலாக. அவள் போகவே இல்லை.

சரி, கல்கத்தாவிலேயே இருந்துகொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழிக்கட்டுமா என்றது. இருந்தது செமஸ்டர் நோட்ஸ்தான். அழித்துக்கொள் என்றேன்.

கோடு நகர ஆரம்பித்தது. மின்விசிறி சுற்றியது. கோட்டுக்குக் கீழே புரியாத பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன, பஸ் ஜன்னலில் படிப்பதற்குள் பின்னால் போய்விடுகிற ஊர்ப் பலகைகள் மாதிரி. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் நான் முழித்திருக்கவில்லை. அந்தக் கோடு ஒரு சாலையாக இருந்தது. வெள்ளையாக, ஈரமாக, இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லாமல். நான் அதன்மேல் காலில்லாமல் போய்க்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு கட்டடம். அதில் எனக்கு ஒரு மேஜை, மேஜையில் என் பெயர். பக்கத்தில் போனால் பெயர் மட்டும் கலங்கித் தெரிந்தது. யாரோ என்னை நீங்க, வாங்க என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். நான் திரும்பினால் அது மலை. ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் கரைந்து, பாதி வானமாகிவிட்ட எங்கள் மலை.

முழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. திரையில் ஒரு ஏரி, அதன்மேல் மூடுபனி. கேமராவைத் திறந்தேன். என் முகம் உறையாமல் அசைந்தது. அம்மாவின் முகமும் பின்னால் வந்து அசைந்தது. ரெண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டோம். அப்புறம்தான் பார்த்தேன், வைஃபை குறி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் கல்லூரித் தோழிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"லூசு, அதுக்கு டிரைவர் இல்லடி" என்றாள்.

டிரைவர் என்றால் வைஃபையை ஓட்டுகிற ஒரு குட்டி புரோகிராம். அதை நெட்டிலிருந்து இறக்க வேண்டும். நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் வர நெட் வேண்டும். எந்த மகராசன் யோசித்ததோ. போனை ஒயரில் லேப்டாப்போடு மாட்டினால் போனின் நெட் அதற்குப் போகும் என்றாள் தோழி. என் ஒயரோ சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு ஒயர். மாட்டிப் பார்த்தேன், போன் சந்தோஷமாகச் சார்ஜ் ஏறியது, அவ்வளவுதான். ஞாயிறு என்பதால் கடைத்தெருவில் போன் கடைகள் பூட்டிக் கிடந்தன.

"டிரைவர் இல்லாம ஒன்னும் நகராதுடி. நாலு மணிக்குள்ள ஒரு டிரைவர் கெடைக்கலீன்னா என்ற வேலை போச்சு" என்று போனில் கத்தினேன்.

இதைச் சமையலறை கேட்டுவிட்டது. அம்மா கொல்லைப்புறம் போய் யாருக்கோ போன் பேசுவது காதில் விழுந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. ஒயரைத் திருப்பித் திருப்பிச் சொருகிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் பைக் சத்தம். தன் லாரியை ரிப்பேருக்காகப் பட்டறையில் விட்டிருந்த அப்பா மூச்சு வாங்க உள்ளே வந்தார். பின்னால் கையில் துணிப்பையும் தோளில் சுருட்டிய போர்வையுமாக ஒருவர்.

"சாமி, டிரைவரக் கூட்டியாந்துட்டேன்" என்றார் அப்பா. "அஸ்ஸாம் வரைக்கும் ஓட்டுன ஆளு. வண்டி எங்க நிக்குதாமா?"

"எந்த வண்டிப்பா?"

"உன்ற கம்பெனி வண்டி. டிரைவர் இல்லீன்னா வேலை இல்லைன்னு சொல்லிப்போட்டாங்களாமா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா திரையிலிருந்த ஏரியைப் பார்த்தாள்.

"நீதான கண்ணு, டிரைவர் கெடைக்குல, நாலு மணிக்குள்ள வேணும்னு அழுதே?"

"அது லேப்டாப்புக்கும்மா!"

ஸ்பீக்கரில் இருந்த தோழி மட்டும் பெங்களூரிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். வந்தவர் கட்டிலின் மேலிருந்த லேப்டாப்பைக் குனிந்து, சுற்றி வந்து பார்த்தார்.

"இதுல ஏறி உக்காரோணும்னா நான் இன்னும் வெகுவா எளைக்கோணுங்க அம்மிணி" என்றார்.

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. காலையிலிருந்து பட்டறையில் ஏதாவது வண்டி கிடைக்குமா என்று காத்திருந்தவரைத்தான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். "தப்பா நெனைச்சுக்காதீங்க, இந்தப் பொம்பளைக பேச்சக் கேட்டு" என்று இழுத்தார்.

"ஆமா, நான் சொன்னா லாரியே வேண்டாம்னு உட்டுப்போட்டு வந்துருவாராட்ட" என்றாள் அம்மா.

ஸ்பீக்கரில் தோழி, "ஏய், அவர்கிட்ட ஒயர் இருக்கான்னு கேளுடி!" என்று கத்தினாள்.

"ஒயருங்களா? இருக்குதுங்க" என்று அவர் துணிப்பையைத் திறந்தார். போனில் பாட்டு ஏற்றிக்கொள்ள வைத்திருக்கிற ஒயராம். பாட்டு ஏறும் என்றால் நெட்டும் ஏறும். ஆனால் அதன் முனை பழைய மாதிரி, என் போனில் நுழையவில்லை. அவர் போனில் மட்டும்தான் நுழைந்தது.

"அப்ப என்ற போனையே வெச்சுக்கங்க. நெட்டு நெறையக் கெடக்குது, பாக்கறதுக்குத்தான் நேரமில்லீங்க."

சொருகினோம். தோழி சொல்லச் சொல்ல அவர் போனில் எதையோ தட்டினேன். காலியாக இருந்த மூலையில் ஒரு குறி முளைத்தது. வைஃபை டிரைவரை அப்புறம் பார்த்துக்கொள், இப்படியே எழுது என்று தோழி போனை வைத்தாள். நாலு மணிக்குக் கேமரா என் முகத்தைத் திறந்தது. அப்பாவும் அம்மாவும் வாசலுக்குப் போய்விட்டார்கள். போனை விட்டுப் போக முடியாதே, அதனால் அவர் மட்டும் கேமராவில் படாமல் கட்டிலை ஒட்டித் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

கேள்விகள் எல்லாம் கோபக்கார வாடிக்கையாளர்கள். பொருள் வரவில்லை என்று ஒருவர், உடைந்து வந்தது என்று இன்னொருவர். நான்கு பதில்களில் நல்ல பதில் எது? பக்கம் பக்கமாக யார் யாரோ கோபப்பட, நான் அவர்களைத் தடவிக்கொடுத்துக்கொண்டே போனேன். வெயில் சாய்ந்து அறை மஞ்சளானது. கனவில் பார்த்த வெள்ளைச் சாலை இதுதானோ என்றிருந்தது.

அப்போது கட்டிலின் மேலிருந்த அவர் போன் அடித்தது. திரையில் வந்த பெயர்: ஊடு. வீட்டிலிருந்துதான்.

அவர் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி ஊடு. முகத்தைத் திருப்பினால் கேமரா பிடித்துக்கொள்ளும். உதட்டை அசைக்காமல், "எடுங்கண்ணா" என்றேன். ஒயர் நீளம் அவ்வளவுதான் என்பதால் அவர் முட்டி போட்டு, கட்டில் விளிம்பில் காதை வைத்துப் பேசினார்.

"இன்னும் எந்த வண்டிலயும் ஏறுல புள்ள... இங்க ஒரு வண்டி ஓடிட்டு இருக்குது. சித்த பொறு, நின்னதும் கூப்படறேன்."

அவர் பேசிய அந்த நேரம் நெட் நின்றுபோய் என் திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் போனை வைத்தார். வட்டம் நின்றது, அடுத்த கோபக்காரர் வந்தார். அதற்குப் பிறகு எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. கடைசிப் பட்டனை அழுத்தியதும் ஒரு வரி வந்தது. அடுத்த சுற்றுக்குத் தேர்வாகிவிட்டேன்.

வாய்விட்டுப் படித்தேன். அம்மா ஓடிவந்தாள். "அப்படின்னா வேலை கெடைச்சுருச்சா?"

"இல்லம்மா. இன்னொரு சுத்து இருக்குது. வேலை செஞ்சு காட்டோணும்."

"எங்களுக்கும் அப்படித்தானுங்க" என்றார் அவர், முட்டியைத் தேய்த்துக்கொண்டே எழுந்து. "ஒரு நடை ஓட்டிக் காட்டுனாத்தான் சாவியக் குடுப்பாங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, "இனி எடுத்துக்கலாங்களா? ஊட்டுக்குப் பேசோணும்" என்றார்.

ஒயரைப் பிடுங்கி, சுற்றி, போனோடு கொடுத்தேன். வாசலில் அப்பா தெரிந்த லாரிக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார். "ஆளு கைல இருக்குதுங்க, நல்ல டிரைவருங்க, ஏனுங்க, வண்டி எதாச்சும்..." என்கிற குரல் ஒன்று முடிந்து அடுத்தது ஆரம்பித்தது.

போன் போனதும் லேப்டாப்பில் நெட் போயிற்று. திரையில் அந்த ஒரு வரி மட்டும் அப்படியே நின்றது. ரீஃப்ரெஷ் பண்ணினால் அழிந்துவிடும். நான் எதையும் தொடாமல், அறை இருட்டுகிறவரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.